ஸ்டூடியோ படத்துக்குக் காசு கொடுக்கலாமா, வேண்டாமா?

கையில் நல்ல போன் இருக்கும்போது ஸ்டூடியோவில் எடுக்கும் ஒரு படத்துக்கு எதற்கு இருநூறு முந்நூறு வெள்ளி என்று கேட்பவர்களும் சரி, லிங்க்டினில் படத்தை மாற்றினால் வேலை தேடி வரும் என்று நம்பி உடனே புக் பண்ணுபவர்களும் சரி, ஒரு கேள்வியைக் கேட்பதே இல்லை. அந்தப் படத்தை யார் பார்க்கப் போகிறார்கள், எத்தனை வருஷத்துக்கு? இது தெரியாமல் விலையை மட்டும் பார்த்தால் எல்லாமே அதிகமாகத்தான் தோன்றும்.

சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. ஆன்லைனில் ஏற்ற 400க்கு 514 பிக்சல், வெள்ளைப் பின்னணி, கடைசி மூன்று மாதத்துக்குள் எடுத்தது. பேட்டையில் இருக்கும் போட்டோ கடையே போதும். ரெஸ்யூமேயில் பெரும்பாலான வேலைகளுக்குப் படமே வேண்டாம். லிங்க்டினில் அது சின்ன வட்டமாகத்தான் தெரியும்.

வீடு விற்கும் முகவர், காப்புறுதி முகவர், துணைப்பாட ஆசிரியர், கல்யாண மேடையில் மைக் பிடிப்பவர், இவர்கள் கதை வேறு. வாடிக்கையாளர் இவர்களை நேரில் பார்க்கும் முன்பே படத்தில் பார்த்துவிடுகிறார். 300 வெள்ளிக்கு எடுத்த படத்தை இரண்டு வருஷம் பயன்படுத்தினால் மாதத்துக்கு 12.50 வெள்ளி. அதனால் ஒரே ஒரு வாடிக்கையாளர் கூடுதலாகக் கிடைத்தாலும் போட்ட காசு வந்துவிடும். ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை முடியையும் கண்ணாடியையும் மாற்றுகிற ஆள் என்றால் இந்தக் கணக்கு உதைக்கும்.

முடிவெடுக்கும் முன் வீட்டிலேயே ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மதியம் ஒரு மணி வாக்கில் வெளியே நிற்காதீர்கள், நம் ஊரில் அந்த நேரத்தில் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் இருக்கும், கண்ணைச் சுற்றிக் கறுப்பாக நிழல் விழும். காலை ஒன்பது மணிக்கு, வெயில் நேராக அடிக்காத பக்கத்து வராந்தாவிலோ புளோக் கீழே வாய்ட் டெக் ஓரத்திலோ வெளிச்சத்தைப் பார்த்து நில்லுங்கள். வீட்டுக்குள் என்றால் சன்னல் பக்கம், ஆனால் மேலே இருக்கும் விளக்கை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முகத்தில் பாதி மஞ்சள் பாதி நீலம். செல்ஃபி வேண்டாம், கை நீளத்தில் எடுத்தால் மூக்கு பெரிதாகும். வேறு ஒருவரை இரண்டு மீட்டர் தள்ளி நிற்கவைத்து, பின்கேமராவில் 2எக்ஸ் ஜூம் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். அழகு ஃபில்டரை அணைத்துவிட வேண்டும். முப்பது நாற்பது எடுத்து, அதில் ஒன்றை உங்களிடம் முகத்துக்கு நேரே பேசும் நண்பருக்கு அனுப்புங்கள். அவர் பரவாயில்லை என்றால் காசு மிச்சம். (ஏஐ போடும் கோட்டு சூட்டுப் படம் மலிவுதான், ஆனால் நேரில் பார்க்கிறவர் உங்கள் தம்பியா என்று கேட்பார்.)

சரி, காசு கொடுப்பது என்று முடிவாகிவிட்டது. அடுத்து யாரிடம் எடுப்பது? நம் ஆட்கள் முதலில் பார்க்க வேண்டியது நிறம். அந்த போட்டோகிராபரின் பழைய படங்களில் மாநிறமும் கறுப்பும் எப்படி வந்திருக்கின்றன என்று பாருங்கள். எல்லாரும் ஒரே கோதுமை நிறத்தில் இருந்தால் அது விளக்கின் வேலை இல்லை, எடிட்டிங். கறுத்த முகத்தில் கன்னத்தின் மேடும் கண்ணின் ஓரமும் தெளிவாகத் தெரிகிற மாதிரி விளக்கு வைக்கத் தெரிந்தவருக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம், வெளுப்பாக்குவதற்கு அல்ல. முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுங்கள்: பரு போகலாம், நிறம், மச்சம், திருநீறு, மூக்குத்தி எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். பட்டுச் சேலை கட்டுகிறீர்கள் என்றால் ஜரிகை வெள்ளையாக வெளுத்துப்போகாமல் எடுத்த படம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள்.

விலை கேட்கும்போது மொத்தத் தொகையோடு நிறுத்தாதீர்கள். எடிட் செய்த படம் எத்தனை, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு, 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா, முழு அளவு ஃபைல் கிடைக்குமா? கடைத்தொகுதியில் கூப்பன் கொடுத்து 'இலவசக் குடும்பப் படம்' என்று கூப்பிட்டால் இலவசம் பெரும்பாலும் ஒரு பிரதிதான். மீதிப் படங்களைத் திரையில் ஓடவிட்டு, பிள்ளை சிரிக்கிற படத்தில் நிறுத்தி, ஆல்பம் விலை சொல்வார்கள். அந்த இடத்தில் வேண்டாம் என்று சொல்ல எல்லாராலும் முடிவதில்லை. இன்னொன்று, 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த சிங்கப்பூரின் புதிய பதிப்புரிமைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் உரிமை படம் எடுத்தவருக்கோ அவருடைய ஸ்டூடியோவுக்கோதான், காசு கொடுத்தது நீங்களாக இருந்தாலும். பெயர் அட்டையிலும் விளம்பரத்திலும் போடப் போகிறீர்கள் என்றால் அதை முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், உங்கள் படத்தைவிட அம்மா அப்பா படத்துக்குத்தான் முதலில் செலவழிக்க வேண்டும். வீட்டில் ஒரு துக்கம் நடந்தால் சில மணி நேரத்துக்குள் படம் வேண்டும், மாலை போடுவதற்கு ஒன்று, தமிழ் முரசு அறிவிப்புக்கு ஒன்று. அப்போது எல்லாரும் போனைத் துழாவுவார்கள். கிடைப்பது யாரோ ஒருவரின் கல்யாணத்தில் எடுத்த குரூப் படம், அதை வெட்டினால் அப்பாவின் தோளில் பக்கத்து ஆளின் கை இருக்கும், அம்மாவின் காதருகே வேறொருத்தியின் சேலைத் தலைப்பு தெரியும். வாட்ஸ்அப்பில் வந்த படம் வேறு, பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடையும். 10க்கு 12 அங்குல ஃபிரேமுக்குச் சுத்தமாக வர சுமார் 3000க்கு 3600 பிக்சல் வேண்டும். அதனால் ஃபைலை வாட்ஸ்அப்பில் வாங்காமல் கூகல் டிரைவ் லிங்க்கில் கேளுங்கள், உங்களிடம் ஒன்று, கூடப் பிறந்தவர்களிடம் ஒன்று இருக்கட்டும்.

காரணத்தைச் சொன்னால் அப்பா வர மாட்டார். பேரப்பிள்ளைகளோடு ஒரு படம் என்று கூப்பிடுங்கள். அது முடிந்ததும் அவரை மட்டும் உட்காரவைத்து நாலைந்து எடுக்கும்படி போட்டோகிராபரிடம் முதல் நாளே போனில் சொல்லிவையுங்கள்.