டவுன் சிண்ட்ரோம் குழந்தை: முதல் இரண்டு வருடம் என்ன செய்ய வேண்டும்?

"டவுன் சிண்ட்ரோம்தானே, எல்லாம் மெதுவாகத்தான் வரும்" என்பார்கள். அது பாதிதான் உண்மை. 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதால் தசை தளர்ந்திருக்கும். உட்காருவதும் நடப்பதும் பேச்சும் தள்ளிப்போகும். ஆனால் அந்தத் தாமதத்துக்குள்ளேயே தைராய்டு குறைவு, காதில் நீர், இதயத்தில் ஓட்டை என்று சரிசெய்யக்கூடிய கோளாறுகளும் ஒளிந்திருக்கும். முதல் வேலை அவற்றைப் பிரித்தறிவது.

பிறந்ததும் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தாக வேண்டும். ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்கு இதயக் கோளாறு உண்டு. ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் கேட்கவில்லை என்பதால் இதயம் நன்றாக இருக்கிறது என்று ஆகாது. பால் குடிக்கும்போது நெற்றி வியர்ப்பது, இரண்டு வாய் குடித்துவிட்டு மூச்சு வாங்குவது, எடை ஏறாதது ஆகியவை அடையாளங்கள். பெரிய ஓட்டைக்கு 3 முதல் 6 மாதத்துக்குள் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். தள்ளிப்போட்டால் நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடி, பிறகு அறுவையே முடியாமல் போய்விடும்.

தைராய்டு குறைவைக் கண்டறியும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை பிறந்தபோது, 6 மாதத்தில், 1 வயதில், பிறகு வருடத்துக்கு ஒருமுறை. தைராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தால் பொடித்து ஒரு ஸ்பூன் தண்ணீரில் கலந்து கொடுங்கள். புட்டிப் பாலில் கலந்தால் மிச்சம் வைக்கும் பாலோடு மருந்தும் போய்விடும். இரும்புச் சத்து, கால்சியம் மருந்துகளுக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

குரோமோசோம் பரிசோதனையையும் தவிர்க்காதீர்கள். சுமார் 95 சதவீதம் தற்செயலாக வருவது. ஆனால் கூடுதல் பகுதி வேறொரு குரோமோசோமில் ஒட்டியிருந்தால் பெற்றோருக்கும் பரிசோதனை செய்ய வேண்டும். அடுத்த குழந்தைக்கான வாய்ப்பு அதைப் பொறுத்து மாறும்.

இனி உடற்பயிற்சி. இதற்குச் செலவில்லை, பொறுமைதான் வேண்டும். விழித்திருக்கும்போது, பால் கொடுத்து அரை மணி கழித்து, குப்புறப் படுக்க வையுங்கள். ஆரம்பத்தில் 2, 3 நிமிடம் போதும். ஆனால் நாளுக்குப் பல தடவை. மார்புக்கடியில் சுருட்டிய துண்டு, முழங்கைகள் தோளுக்கு நேர் கீழே, கண்ணுக்கு எதிரே ஒரு கிலுகிலுப்பை.

தொடை மூட்டு தளர்வாக இருப்பதால் கால்கள் தவளைபோல் அகன்றே கிடக்கும். நம் ஊரில் இடுப்பில் கால் விரித்து உட்கார வைத்துத் தூக்குவது அதை மேலும் கூட்டும். கால்கள் இரண்டும் சேர்ந்திருக்கும்படி, முகம் வெளியே பார்க்க, மார்போடு அணைத்துத் தூக்குங்கள். உட்காரும் விதத்தையும் கவனியுங்கள். பல குழந்தைகள் குப்புற இருந்து இரண்டு காலையும் பக்கவாட்டில் முழுதாக விரித்துக் கையை ஊன்றி எழுந்துவிடும். பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் இடுப்புத் தசைக்கு வேலையே இல்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல் பக்க இடுப்பை மெல்லக் கீழ்நோக்கி அழுத்தினால் கையை ஊன்றிப் பக்கவாட்டில் எழப் பழகும். வாக்கர் வண்டி வேண்டவே வேண்டாம். தனியாக உட்காருவது சராசரியாக 11 மாதத்தில், நடப்பது 2 வயதை ஒட்டி. 3 வயதில் நடக்கும் குழந்தைகளும் உண்டு. அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டி.ஈ.ஐ.சி. (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் மாவட்ட மையம்) இருக்கிறதா என்று கேளுங்கள்; பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் அங்கே இலவசம்.

சங்கிலோ பாலாடையிலோ ஊட்டினால் மடியில் மல்லாக்கப் போட்டு ஊற்றாதீர்கள். பால் மூச்சுக்குழாய்க்குள் போகும். அடிக்கடி சளி பிடிப்பதற்கு இதுவும் காரணமாகலாம். நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும். 6 மாதத்துக்குப் பிறகு, குழிவில்லாத சின்ன ஸ்பூனை நாக்கின் நடுவில் லேசாக அழுத்தி, மேலுதடு மூடும்வரை பொறுத்து, நேராக வெளியே இழுங்கள். மேலண்ணத்தில் வழித்து எடுத்தால் உதடு மூடப் பழகாது, நாக்கு வெளியே தள்ளியபடியே இருக்கும். பல் தாமதமாகத்தான் வரும்; அதற்காக மிக்ஸியில் அரைத்த கஞ்சியோடு நின்றுவிடாதீர்கள். மசித்த இட்லி, குழைந்த பருப்புச் சாதம் என்று மாற்றிக்கொண்டே போங்கள்.

பிறந்தபோது காது பரிசோதனையில் பாஸ் ஆனது போதாது. காதுக் குழாய் குறுகலாக இருப்பதால் பின்னாளில் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கும், வலியே இல்லாமல். எனவே 6 மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். 6 மாதத்துக்குள் ஒருமுறை கண் மருத்துவரிடமும் காட்டுங்கள். பேச்சு வரும்வரை "பால்", "போதும்", "இன்னும்" போன்றவற்றைச் சொல்லிக்கொண்டே கையால் சைகை காட்டுங்கள். சைகை பேச்சைக் கெடுக்காது.

ஆனால் கற்றதை இழப்பது டவுன் சிண்ட்ரோமின் இயல்பு அல்ல. சிரித்த குழந்தை சிரிப்பை நிறுத்தினால், தூங்கி எழுந்ததும் தலை குனிந்து கை விரியும்படி வரிசையாகத் திடுக்கிட்டால், வயிற்று வலி என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். போனில் வீடியோ எடுத்துக்கொண்டு அன்றைக்கே குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் காட்டி, ஈ.ஈ.ஜி. (மூளையின் மின் அலைகளைப் பதியும் பரிசோதனை) எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.