ஹோமோடோபியும் எண்கணித வடிவியலும்: வேலூரில் உட்கார்ந்து எப்படித் தொடங்குவது

கணிதத்தில் எம்.எஸ்சி. முடித்த தம்பி தங்கைகள் சிலர், உருவங்களை மெல்ல மாற்றிப் பார்க்கும் ஹோமோடோபி, சமன்பாடுகளின் எண் தீர்வுகளை வடிவங்களாகப் பார்க்கும் எண்கணித வடிவியல், இந்த இரண்டு துறைகளும் சேரும் இடத்தில் ஆராய்ச்சி செய்ய ஆசை, எந்தப் புத்தகத்தில் தொடங்குவது என்று கேட்கிறார்கள். புத்தகத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒரு தாளை எடுங்கள்.

ஓர் எண்ணின் கனத்திலிருந்து அதே எண்ணைக் கழித்தால் வருவது இன்னோர் எண்ணின் வர்க்கமாக இருக்க வேண்டும், ஆனால் எல்லாவற்றையும் 5-ஆல் வகுத்து மீதியை மட்டும் பார்க்கிறோம். 0, 1, 4 மூன்றுக்கும் மீதி 0, ஆக ஆளுக்கு ஒரு தீர்வு. 2-க்கு 6 வரும், மீதி 1, வர்க்கமூலம் 1 அல்லது 4. 3-க்கு 24, மீதி 4, வர்க்கமூலம் 2 அல்லது 3. மொத்தம் 7, முடிவிலியில் இருக்கும் புள்ளியையும் (வளைவரை மூடிக்கொள்வதற்காகச் சேர்க்கும் ஒரு புள்ளி) சேர்த்தால் 8.

ஒரு நேர்கோடாக இருந்திருந்தால் முடிவிலியோடு 6 தான் வந்திருக்கும். கூடுதலாக வந்த 2 எங்கிருந்து வந்தது? இதே சமன்பாட்டைச் சிக்கலெண்களில் வரைந்தால் மெதுவடையின் மேற்பரப்பு கிடைக்கும். அதன்மேல் ஒன்றுக்கொன்று சாராத இரண்டு வளையங்கள் உண்டு, ஓட்டையைச் சுற்றி ஒன்று, ஓட்டைக்குள் நுழைந்து வெளியே வருவது ஒன்று. அந்தக் கூடுதல் அவற்றின் கணக்கில்தான் வருகிறது (வளையங்களும் இரண்டு, கூடுதலும் 2 என்பது இங்கே தற்செயல்). வடிவத்தைப் பற்றிய செய்தி, மீதிகளை எண்ணியதில் வந்து நிற்கிறது! இந்தத் துறையின் உயிரே இதுதான்.

கூடுதலோ குறைவோ 5-இன் வர்க்கமூலத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டாது என்று 1930-களில் ஹாஸ்ஸே நிறுவினார். எல்லா வடிவங்களுக்கும் இது போல நடக்கும் என்று 1949-இல் வெய் ஊகித்தார், அதற்காகவே குரோத்தண்டீக் புதிய கோஹோமாலஜியை, அதாவது வடிவத்தின் ஓட்டைகளைக் கணக்கெடுக்கும் கருவியை, கட்டினார், டெலினின் கடைசி நிறுவல் 1974-இல் அச்சானது. 1916-இல் ராமானுஜன் டௌ என்ற எண்வரிசை எவ்வளவு பெரிதாகும் என்பது பற்றிச் சொன்ன ஊகமும் அதில் உண்மையானது. அடுத்த வருடமே, வடாற்காட்டுக் கிராமக் குடும்பத்தில் பிறந்த எம். எஸ். நரசிம்மன், ஹார்டரோடு சேர்ந்து, மேலே நாம் செய்த மாதிரியே புள்ளிகளை எண்ணி, வெக்டர் கற்றைகளின் (ஒரு வளைவரையின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வெக்டர் வெளியை ஒட்டிவைத்த அமைப்புகள்) வெளிகளுக்கு எத்தனை ஓட்டைகள் என்று கண்டுபிடித்தார். நம் மண்ணுக்கு இந்த விஷயம் அந்நியமில்லை.

சரி, படிப்பு. ஆலன் ஹேட்சரின் இயற்கணித டோபாலஜி நூலை அவரே இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறார். அதையும் எண் கோட்பாட்டையும் ஒரே சமயத்தில் படியுங்கள், ஒன்றை முழுசாக முடித்துவிட்டு மற்றதற்குப் போகலாம் என்று நினைத்தால் இரண்டாவதற்குப் போகவே மாட்டீர்கள். நான் முதல் வருடம் முழுக்க வரையறைகளையே நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு கருத்தரங்கில் பெரியவர் ஒருவர் "ஒரு உதாரணம் சொல்லும்மா" என்றார், என்னால் சொல்ல முடியவில்லை. அன்று ராத்திரி காட்பாடி வரும் ரயிலில்தான் மேலே இருக்கும் கணக்கை முதன்முதலாகக் கையால் போட்டேன். அன்றிலிருந்து புதுத் தேற்றம் எது படித்தாலும் இந்த வளைவரையில் அது என்ன சொல்கிறது என்று பார்த்த பிறகுதான் அடுத்த பக்கம்.

ஹோமோடோபியைச் சமன்பாடுகளின் வடிவியலுக்குள் கொண்டுவந்து மொரெலும் வொயவோட்ஸ்கியும் 1999-இல் எழுதிய கட்டுரைக்கு அவசரப்பட்டுப் போகாதீர்கள். ஹோமோடோபியில் ஓர் உருவத்தை மெல்ல மாற்ற 0-விலிருந்து 1 வரையுள்ள துண்டு வேண்டும், அதன் இடத்தில் முழு நேர்கோட்டையே வைத்தார்கள் என்பது மட்டும் இப்போதைக்குப் போதும்.

ஆள் துணை கட்டாயம் வேண்டும். காலையில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தால் தரமணியில் கணித அறிவியல் நிறுவனம், சிறுசேரியில் சென்னை கணிதக் கழகம் இரண்டுக்கும் போய் உரை கேட்கலாம். முக்கால்வாசி புரியாது, பரவாயில்லை, ஒரே ஒரு கேள்வியாவது கேட்டுவிட்டு வாருங்கள். பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதும்போது ஆர்வம் என்று மட்டும் எழுதாமல் நீங்கள் போட்ட ஒரு கணக்கை, மாட்டிக்கொண்ட இடத்தோடு எழுதுங்கள்.

இன்றைக்கு 5-க்குப் பதில் 3, 7, 11, 13 வைத்து எண்ணுங்கள். முடிவிலிப் புள்ளியோடு 4, 8, 12, 8 வரும். முதல் மூன்றிலும் கூடுதல் குறைவு எதுவும் இல்லை, 13-இல் மட்டும் 6 குறைகிறது. 3, 7, 11, 13 இவற்றை 4-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள், காரணம் அங்கேதான் இருக்கிறது.