போர் விமானச் செய்திக்கு ஒரு நோட்டு போடுவது எப்படி

சூலூர் விமானப்படைத் தளத்தை ஒட்டி, காங்கயம்பாளையம் பக்கம் நான் டீ குடிக்கும் பேக்கரியில் காலையில் ஒரு கேள்வி கட்டாயம் வரும். "ஏனுங்ண்ணா, தேஜஸ் தொண்ணூத்தேழு வாங்கியாச்சாமே?" நான் விமானப்படையில் 20 வருஷம் இன்ஜின் ஃபிட்டராக இருந்தவன். தாம்பரத்தில் பயிற்சி, அப்புறம் பெரும்பாலும் மிக்-21 போர் விமானம். சார்ஜென்ட்டாக வெளியே வந்தேன். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று கடைத் தம்பிக்கு ஒரு நினைப்பு. "வாங்கலை தம்பி, ஆர்டர் கொடுத்திருக்காங்க" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதானுங்களே" என்றார்.

ஒன்றில்லை. முதல் 20 தேஜஸ் போர் விமானங்களுக்கு ஆர்டர் போட்டது 2006-ல். முதல் படைப்பிரிவு (ஸ்குவாட்ரன்) உருவானது 2016 ஜூலையில், அதுவும் இரண்டே விமானத்தோடு. 2006-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பையன் அதற்குள் பத்தாவது எழுதிவிட்டான்.

இந்தக் குழப்பம் தீர நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். ஒரு நீள நோட்டு வாங்கி, பக்கத்தைக் குறுக்கே திருப்பி, ஏழு கட்டம் கோடு போடுங்கள். செய்தி வந்த தேதி, எந்த விமானம், எத்தனை, எந்தப் படியில் இருக்கிறது, இன்ஜின் யாருடையது, எப்போது வரும் என்றார்கள். ஏழாவது கட்டத்துக்குத் தலைப்பு, 'வந்தது'. அது பெரும்பாலும் காலியாகவே கிடக்கும், கவலைப்படாதீர்கள்.

முதல் மூன்று கட்டத்தில் சிரமம் இல்லை. தடுமாற்றம் நான்காவதில்தான். பத்திரிகையில் 'ஒப்புதல்', 'அனுமதி', 'ஒப்பந்தம்', 'கொள்முதல்' என்று நாலு சொல் வரும். வாசிக்கிறவருக்கு நாலும் விமானம் வந்துவிட்ட மாதிரியே இருக்கும். உண்மையில் முதலில் பாதுகாப்பு அமைச்சர் தலைமையிலான கொள்முதல் கவுன்சில், 'ஆமாம், இது தேவைதான்' என்று ஏற்றுக்கொள்ளும். வீட்டில் புது பைக் வேண்டும் என்று அப்பா தலையாட்டுவதுபோல. அதன் பிறகு நிறுவனத்திடம் விலைப்புள்ளி கேட்பார்கள். வெளிநாட்டுப் போட்டி என்றால் விமானத்தை வரவழைத்து லே குளிரிலும் ராஜஸ்தான் வெயிலிலும் ஓட்டிப் பார்ப்பார்கள். பேரம் பேசுவார்கள். பிரதமர் தலைமையிலான அமைச்சரவைக் குழு பணத்துக்குச் சரி சொல்லும். அதற்கும் பிறகுதான் கையெழுத்து. நான் இதையெல்லாம் எழுதிக்கொண்டிருப்பதில்லை. தேவை ஏற்பு என்றால் 'தே', அமைச்சரவைக் குழு என்றால் 'அ', கையெழுத்து என்றால் 'கை'. அவ்வளவுதான்.

அந்த 97 தேஜஸ் மார்க்-1ஏ (தேஜஸின் மேம்படுத்திய வகை) விமானங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். கொள்முதல் கவுன்சில் ஏற்றது 2023 நவம்பர் 30. அமைச்சரவைக் குழு சரி சொன்னது 2025 ஆகஸ்டில். கையெழுத்து 2025 செப்டம்பர் 25, தொகை 62,370 கோடி ரூபாய்க்கு மேல். மூன்று முறையும் தலைப்புச் செய்தி. தம்பியிடம் கேட்டுப் பார்த்தேன், மூன்றையும் தனித்தனியாகக் கூட்டி வைத்திருந்தார். அவர் கணக்கில் 291 விமானம் பறந்துகொண்டிருந்தது. ஆகவே ஒரு விதி: அதே விமானம், அதே எண்ணிக்கை என்றால் புது வரி போடாதீர்கள். பழைய வரியில் 'தே'-வுக்குப் பக்கத்தில் 'அ' சேருங்கள்.

கையெழுத்துக்கு முன்னால் உள்ளது எதையும் பேனாவால் எழுதக்கூடாது என்பது இன்னொரு விதி. 2007-ல் 126 போர் விமானங்களுக்கு விலைப்புள்ளி கேட்டார்கள். ஆறு நிறுவனங்கள் வந்தன. 2012 ஜனவரியில் பிரான்ஸின் ரஃபேல் ஜெயித்தது. மூன்று வருஷம் பேரம் நடந்து, 2015-ல் அந்த 126-ஐ விட்டுவிட்டு நேரடியாக 36 வாங்குவதென்று முடிவானது. 2016 செப்டம்பர் 23-ல் கையெழுத்து. முதல் ஐந்து விமானம் அம்பாலாவில் இறங்கியது 2020 ஜூலை 29. நான் 126-ஐப் பேனாவால் எழுதிவைத்து, அடித்து, பக்கமே அசிங்கமாகிப் போனது. பென்சில் வாங்கியது அப்புறம்தான்.

விலைக்கு நான் கட்டமே வைக்கவில்லை. கேட்பவர்கள் கேட்கட்டும். மொத்தத் தொகையை விமான எண்ணிக்கையால் வகுத்து, 'ஒரு விமானம் இத்தனை கோடியா!' என்று வாய் பிளப்பது பேக்கரிப் பழக்கம். 2021 பிப்ரவரியில் 83 தேஜஸுக்குப் போட்ட ஒப்பந்தம் ஏறக்குறைய 46,000 கோடி. வகுத்தால் ஒன்றுக்கு 550 கோடிக்கு மேல் வரும். ஆனால் விமானங்களின் விலை மட்டும் சுமார் 25,000 கோடி, ஒற்றை இருக்கை விமானம் ஒன்று 309 கோடி என்று அப்போதே தயாரிப்பாளர் தரப்பில் சொன்னார்கள். மீதியில் தரைக் கருவிகள், உதிரிப் பாகம், வரி எல்லாம் அடக்கம். ஷோரூம் விலையையும் ஆன்ரோடு விலையையும் ஒப்பிட்டுச் சண்டை போடாதீர்கள், அவ்வளவுதான்.

இப்போது ஐந்தாவது கட்டம், இன்ஜின். என் தொழில் இது என்பதால் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேஜஸ் நம்முடைய வடிவமைப்பு. வால் இறக்கை இல்லாத முக்கோண இறக்கை, உடம்பின் மேற்பரப்பில் பெரும்பகுதி கார்பன் கலவை, கணினி வழியாக இயங்கும் கட்டுப்பாடு எல்லாம் பெங்களூரில் மூளையைக் கசக்கிச் செய்தவை. ஆனால் உள்ளே இருப்பது அமெரிக்காவின் ஜிஇ (ஜெனரல் எலெக்ட்ரிக்) நிறுவனத்தின் எஃப்404 இன்ஜின். இதற்காக நாமே காவேரி என்ற இன்ஜினுக்கு 1989-ல் அனுமதி கொடுத்தோம். வேண்டிய உந்துவிசை வரவில்லை, எடையும் கூடிவிட்டது. 2008-ல் அதைத் தேஜஸிலிருந்து பிரித்துவிட்டார்கள். உடனே 'நம்மவர்களுக்குத் திறமை இல்லை' என்று பேக்கரியில் ஒரு குரல் எழும். இன்ஜினின் சூடான பகுதியில் சுழலும் பிளேடைப் பார்க்காதவர்கள் பேசும் பேச்சு அது. அந்த உலோகம் உருகும் வெப்பத்தைவிட அதைத் தாண்டிப் போகும் வாயுவின் சூடு அதிகம். பிளேடுக்குள் ஊசித்துளை மாதிரி வழிகள் விட்டு, காற்றை ஊதிக் குளிர்வித்தபடியே ஓட்ட வேண்டும். ஒவ்வொரு பிளேடும் ஒற்றைப் படிகமாக வளர்க்கப்பட்டது. சொந்தமாகப் போர் விமான இன்ஜின் செய்யும் நாடுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். சுவீடனின் கிரிப்பனும் தென்கொரியாவின் கேஎஃப்-21-ம் ஜிஇ வடிவமைத்த இன்ஜினில்தான் பறக்கின்றன. அவற்றை யாரும் உள்நாட்டு விமானம் இல்லை என்று சொல்வதில்லை.

ஆனால் இன்ஜின் கடன் என்றால் தேதியும் கடன். முதல் தேஜஸ்களுக்கு 65 இன்ஜின் கொடுத்து முடித்ததும், மேற்கொண்டு ஆர்டர் இல்லாததால் 2016-ல் அந்தத் தயாரிப்பு வரிசையையே ஜிஇ மூடிவிட்டது. 2021 ஆகஸ்டில் 99 இன்ஜினுக்கு நாம் ஆர்டர் கொடுத்தபோது, மூடிய வரிசையைத் திரும்பத் திறக்க வேண்டியிருந்தது. முதல் இன்ஜின் வந்தது 2025 மார்ச். விமானமோ 2024 மார்ச்சுக்குள் வரத் தொடங்கியிருக்க வேண்டும். கட்டிய விமானங்கள் இன்ஜினுக்காகக் காத்துக் கிடந்தன. இன்ஜின் மட்டுமே காரணம் என்றும் சொல்ல மாட்டேன். ரேடாரையும் ஏவுகணையையும் பொருத்திச் சோதிக்கும் வேலையும் இழுத்தது.

இந்தக் கட்டத்தில் எண்ணிக்கையையும் சேர்த்து எழுதுங்கள். 83 விமானத்துக்கு 99 இன்ஜின். 97-க்கு, 2025 நவம்பரில் போட்ட ஆர்டர், 113. இரண்டிலும் கூடுதல் பதினாறு. ஒற்றை இன்ஜின் விமானத்துக்கு எதற்கு உபரி என்று கேட்டார் தம்பி. இன்ஜினைக் குறிப்பிட்ட மணி நேரம் ஓட்டியதும் கழற்றிப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதுவரை விமானத்தைச் சும்மா நிறுத்த முடியுமா? உபரியைப் போட்டு அனுப்புவோம்.

அதனால்தான் கையில் இருக்கும் விமானம் வேறு, காலையில் பறக்கத் தயாரான விமானம் வேறு. நான் வேலை பார்த்த ஒரு தளத்தில், என் பெட்டியில் ஒரு ஸ்பேனர் குறைந்தது. மூன்று விமானம் நின்றுவிட்டது. எங்கே விட்டேன் என்று தெரியும்வரை எதுவும் கிளம்பக்கூடாது, காற்று உறிஞ்சும் வாயில் அது கிடந்தால் இன்ஜின் போச்சு. ஒன்றரை மணி நேரம் கழித்து ஏணிக்கு அடியில் கிடைத்தது. அன்றைக்குக் கணக்கில் எல்லா விமானமும் இருந்தன.

ஆறாவது கட்டத்தில் அவர்கள் சொன்ன தேதியை அப்படியே எழுதுங்கள், உங்கள் அபிப்பிராயம் வேண்டாம். 97-க்கு 2027-28-ல் தொடங்கி ஆறு வருஷம் என்று சொல்லியிருக்கிறார்கள். எழுதிவிட்டு, பின்பக்கத்தில் ஒரு தொட்டிக் கணக்குப் போடுங்கள். பள்ளிக்கூடத்தில் போட்டதுதான், ஒரு குழாய் நிரப்பும், ஒரு குழாய் காலி செய்யும். நமக்கு அனுமதிக்கப்பட்டது 42 படைப்பிரிவு. 2025 செப்டம்பர் 26-ல் சண்டிகரில் மிக்-21-ஐ வழியனுப்பியதும் மிஞ்சியது 29. 1963-ல் வந்த விமானம், 62 வருஷம். அன்று தொலைக்காட்சி முன்னால் நான் என்ன செய்தேன் என்று எழுதப்போவதில்லை. என் கணக்குக்கு வருகிறேன். ஒரு பிரிவுக்குப் பயிற்சி விமானம் சேர்த்துச் சுமார் 18 என்று வைத்தால், 83-ம் 97-ம் சேர்ந்து பத்துப் பிரிவு. தேஜஸ் கட்டும் பெங்களூர், நாசிக் தொழிற்சாலைகள் முழுத் திறனில் ஓடினால் வருஷத்துக்கு 24, காகிதத்தில் ஏழரை வருஷம். அத்தனையும் வந்தாலும் 39-தான். இதற்கிடையில் 1979-ல் வந்த ஜாகுவார், 1985-ல் வந்த மிராஜ், 1987-ல் வந்த மிக்-29 எல்லாம் கீழ்க்குழாயில் வரிசை கட்டி நிற்கின்றன. எந்தச் செய்தி வந்தாலும் இந்தத் தொட்டியில் ஒரு முறை ஊற்றிப் பாருங்கள்.

விபத்துச் செய்திக்குத் தனிக் கட்டம் கிடையாது. தேதி மட்டும் ஓரத்தில். 2025 நவம்பர் 21, துபாய் விமானக் கண்காட்சி, தேஜஸ், விங் கமாண்டர் நமன்ஷ் சியால். அவர் சூலூரில் இருந்தவர். அன்று மாலையே பேக்கரியில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள், கைபேசியில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து. விசாரணைக் குழு சொல்லும்வரை காரணம் எழுதாதீர்கள். இருபது வருஷம் இன்ஜினைத் தொட்டவன் நானே எழுதவில்லை.

போன வாரம் தம்பியும் நோட்டு வாங்கிவிட்டார். முதல் வரி 83, இரண்டாவது 97, மூன்றாவது கடற்படைக்கு 26 ரஃபேல், 2025 ஏப்ரல் 28, 'கை'. ஏழாவது கட்டத்தை மட்டும் நூல் மாதிரி ஒடுக்கி வரைந்திருந்தார். இடம் பத்தாதே தம்பி, தேதி எழுத வேண்டாமா என்றேன். "வரட்டுங்ண்ணா, அப்ப பாத்து அகலப்படுத்திக்கலாம்" என்று டீயை வைத்துவிட்டுப் போனார்.