‘அதான் எடுத்தாச்சே!’ – கருப்பைவாய் சிகிச்சைக்குப் பின் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“அதான் எடுத்துட்டாங்களே, அப்புறம் எதுக்குக் கண்ணு திரும்பவும்?” ஏற்காட்டில் காபித் தோட்டத்து வேலைக்குப் போகும் என் பெரியம்மா கேட்டது இது. கருப்பைவாயில் சிஐஎன் 3, அதாவது புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் என்று பயாப்ஸியில் தெரிந்து, சேலத்தில் லீப் செய்துகொண்டவர். மறுபரிசோதனைக்கு வரச் சொன்ன மாதம் காபிப் பழம் பறிக்கும் பருவம். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தால் அன்றைய கூலி போச்சு. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் முதல் தவறும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் கெட்ட பகுதியைச் சீவி எடுப்பதுதான் லீப். (‘லூப்’ என்று காதில் விழுந்ததும், இந்த வயதில் காப்பர்-டியா என்று அக்கம்பக்கத்தில் சிரித்தது தனிக்கதை.) சீவி எடுத்தது மாறிப்போன திசுவைத்தான். அந்த மாற்றத்துக்குக் காரணமான எச்.பி.வி. என்ற வைரஸ் முழுக்கப் போய்விட்டதா என்பது அன்றைக்கே தெரியாது. பெரும்பாலோருக்கு அதன்பின் உடம்பே எச்.பி.வி.யை மெல்ல அடக்கிவிடும். சிலருக்கு அது தங்கிவிடும். அப்படித் தங்கியவர்களுக்குத்தான் பழைய மாற்றம் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். மறுபரிசோதனை தேடுவது அவர்களைத்தான்.

அதற்காக ஆறாவது வாரமே லேபுக்கு ஓடுவதும் தவறு. உடம்பு வைரஸை அடக்கி முடித்திருக்காது. பாசிட்டிவ் என்று வந்த காகிதத்தைப் பார்த்துத் தூக்கம் கெட்டதுதான் மிச்சமாகும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 6 மாதத்தில் பார்க்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல் 12 மாதம் என்கிறது. எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு அதற்கடுத்த 12 மாதத்தில் இன்னொரு முறையும் பார்க்கச் சொல்கிறது. உங்களுக்கு எது என்பதைச் சிகிச்சை செய்த டாக்டரிடமே சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

‘போன மாசம்தான் மாஸ்டர் செக்கப் பண்ணினேன்’ என்று சிலர் நிம்மதியாக இருப்பார்கள். இந்த வைரஸை ரத்தத்தில் தேடுவதில்லை. கருப்பைவாயிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் வி.ஐ.ஏ. நல்ல சோதனைதான். 2007-இல் வெளியான திண்டுக்கல் மாவட்ட ஆய்வில், இந்த நோயால் வரும் இறப்பை அது 35 சதவீதம் குறைத்தது. ஆனால் சிகிச்சைக்குப் பின், மாற்றம் தொடங்கும் எல்லை பலருக்குக் கருப்பைவாய்க் குழாயின் உள்ளே நகர்ந்துவிடும். கண்ணுக்கே தெரியாத இடத்தில் தடவி என்ன பார்ப்பது? எச்.பி.வி. பரிசோதனை கிடைக்கும் இடமாகப் பார்த்துப் போவதே மேல்.

சரி, பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. புற்றுநோய் என்று அர்த்தமில்லை. அடுத்தது கால்போஸ்கோபி, அதாவது கருப்பைவாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பது, அவ்வளவுதான். வீடுகளில் இதைவிடப் பெரிய ரகளை வேறு இரண்டால் வருகிறது. எச்.பி.வி. என்பதை எச்.ஐ.வி. என்று படித்துவிட்டு ஒப்பாரி வைப்பது ஒன்று. ‘யாரிடமிருந்து வந்தது’ என்று கணவனும் மனைவியும் முறைத்துக்கொள்வது இன்னொன்று. இந்த வைரஸ் பல ஆண்டு சத்தமில்லாமல் உடம்பில் கிடக்கும். எப்போது, யார் மூலம் வந்தது என்று எந்தச் சோதனையும் சொல்லாது. அந்தச் சண்டை வீண்.

நெகடிவ் வந்தவர்கள் செய்யும் தவறு, அத்தோடு கணக்கை முடித்துவிடுவது. இவர்களுக்கு ஆபத்து, இந்த மாற்றமே வராதவர்களைவிடக் கூடுதலாகவே நெடுநாள் நீடிக்கும். அமெரிக்க வழிகாட்டுதல் குறைந்தது 25 ஆண்டு காலத்துக்கு, அவ்வப்போது இடைவெளிவிட்டுப் பார்த்துவரச் சொல்கிறது. ‘கர்ப்பப்பையையே எடுத்துட்டா தொல்லை விட்டுது’ என்பதும் சரியல்ல. இந்த மாற்றம் இருந்தவர்களுக்கு, கர்ப்பப்பை எடுத்த பிறகும் பிறப்புறுப்பின் மேல்முனையில் மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

கடைசியாகக் காகிதம். பயாப்ஸி ரிப்போர்ட்டையும், எடுத்த திசுவின் ஓரம் சுத்தமாக இருந்ததா என்று சொல்லும் ரிப்போர்ட்டையும் தொலைத்துவிட்டுப் போய் நின்றால், புது டாக்டர் பாதி இருட்டில்தான் முடிவெடுக்க வேண்டும். பெரியம்மா தன்னுடையதை ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் கவரிலேயே வைத்திருக்கிறார். பழம் பறித்து முடிந்ததும் கவரோடு பஸ் ஏறுவதாகச் சொல்லியிருக்கிறார். நான் அடிவாரத்தில் நிற்பேன்.