தண்டர்எக் தேட மேட்டைத் தோண்டாதீர்கள், சில்லுகளைப் பின்தொடருங்கள்

அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில் தண்டர்எக், அதாவது உள்ளே அகேட் என்ற கடினமான, அழகிய கல் நிறைந்த உருண்டை, தேடுகிறீர்களா? கண்ட இடத்தில் தோண்டாமல், மழைக்கு அடுத்த நாள் ஓடைப் பள்ளங்களில் உடைந்த அகேட் சில்லுகளைத் தேடி, அவை கிடக்கும் வழியே சரிவில் மேல்நோக்கி நடங்கள். சில்லுகள் திடீரென நிற்கும் இடத்துக்குச் சற்று மேலே தோண்டத் தொடங்குங்கள்.

இந்த உருண்டைகள் ரயோலைட் என்ற எரிமலைப் பாறைக்குள்ளும் எரிமலைச் சாம்பல் பாறைக்குள்ளும் உருவானவை. சாம்பல் பாறை நாளடைவில் களிமண்ணாக இளகிவிடும். கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் ஏறக்குறைய 7 கடினம் உள்ள அகேட் மட்டும் அப்படியே நின்று, விடுபட்டுக் கீழே உருளும். ஆக, சில்லுகள் தொடங்கும் இடம்தான் உருண்டைகள் புதைந்திருக்கும் அடுக்கு. ஈரத்தில் அகேட் பளபளக்கும் என்பதால்தான் மழைக்கு அடுத்த நாள். முழு உருண்டையோ வெளியே பழுப்பாக, முண்டும் முடிச்சுமாக, சாதாரணக் கல்லைப் போலத்தான் இருக்கும்; அதைக் கண்ணால் தேடுவது வீண்.

ஆற்றுச் சரளையில் இது பலிக்காது, அங்கே கற்கள் வெகு தொலைவிலிருந்து வந்திருக்கும். ஒசோகோ தேசிய வனத்தின் ஒயிட் ஃபிர் ஸ்பிரிங்ஸ் போலப் பலரும் தோண்டிய இடங்களிலும் அப்படித்தான்: முன்பு வந்தவர்கள் உடைத்த சில்லுகள் எங்கும் இறைந்து கிடக்கும். அங்கே பழைய குழியின் ஓரத்திலேயே தோண்டுவது மேல். அப்புறம், தனியார் நிலத்திலும் சுரங்க உரிமை பதிந்த இடத்திலும் அனுமதி இல்லாமல் கை வைக்கவே கூடாது.