லீஸ் பர்ச்சேஸில் டிரக் எடுக்கும் முன்

அமெரிக்காவில் கனரக டிரக் ஓட்டுவதற்கான ‘கிளாஸ் ஏ’ உரிமம் கையில் இருந்தும், முன்பணம் கட்டவோ வங்கிக் கடன் வாங்கவோ வழியில்லாத ஓட்டுநர்களுக்குச் சரக்குப் போக்குவரத்து நிறுவனங்கள் காட்டும் வழிதான் லீஸ் பர்ச்சேஸ். முன்பணம் வேண்டாம், கிரெடிட் ஸ்கோர் பார்ப்பதில்லை, கையெழுத்துப் போட்டதும் சாவி கிடைக்கும் என்றுதான் விளம்பரங்கள் பேசுகின்றன. நிறுவனத்தின் டிரக்கை வாரத் தவணைக்கு எடுத்து, அதே நிறுவனத்தின் சரக்கை ஏற்றி, கிடைக்கும் கூலியிலிருந்து தவணை, டீசல், காப்பீடு எல்லாம் போக மிச்சத்தைப் பெற்றுக்கொண்டு, சில ஆண்டுகளில் வண்டியைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. இதில் முதலில் மனத்தில் நிறுத்த வேண்டியது ஒன்று உண்டு: உங்களுக்கு லோடு கொடுப்பவரும் உங்களிடம் தவணை வசூலிப்பவரும் ஒருவரே. லோடு குறைந்தால் உங்கள் வருமானம் குறையும், தவணை குறையாது. கீழே சொல்லியிருக்கும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு நிலைமையிலிருந்து பிறப்பவைதான்.

இது வெறும் சந்தேகப் பேச்சு அன்று. லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களில் புகை மாசைக் குறைக்க 2008-இல் பழைய டிரக்குகளைப் படிப்படியாக விலக்கத் தொடங்கியபோது, புது வண்டி வாங்க வசதியில்லாத ஓட்டுநர்கள் பலர் நிறுவனங்களின் லீஸ் திட்டங்களில் சேர்ந்து, வாரக் கடைசியில் கைக்கு ஏதும் வராமல் கடனாளியாக நின்றது பின்னர் நீதிமன்றங்கள் வரை போனது. 2021-இன் உள்கட்டமைப்புச் சட்டத்தின்படி இத்தகைய குத்தகைகளை ஆராய அமைக்கப்பட்ட சிறப்புக் குழு, லீஸ் பர்ச்சேஸ் திட்டங்களையே தடை செய்யலாம் என்று 2025 தொடக்கத்தில் நாடாளுமன்றத்துக்குப் பரிந்துரைத்தது. ஆயினும் ஒழுங்காக நடக்கும் திட்டங்களும் உண்டு, கடைசித் தவணை கட்டி வண்டியை வாங்கியவர்களும் உண்டு. அந்தச் சிலரில் ஒருவராக வேண்டுமானால் வேலை கையெழுத்துக்கு வெகு முன்பே தொடங்குகிறது.

என் கருத்தில், எந்த நிறுவனத்தில் லீஸ் எடுக்க நினைக்கிறீர்களோ அதே நிறுவனத்தில் சம்பள ஓட்டுநராகக் குறைந்தது ஓராண்டு ஓட்டிப் பார்ப்பதற்கு ஈடான முன்னேற்பாடு வேறில்லை. வாரத்துக்கு உண்மையில் எத்தனை மைல் கிடைக்கிறது, பண்டிகைக் காலம் முடிந்து ஜனவரி, பிப்ரவரியில் சரக்கு மந்தமாகும்போது எத்தனை நாள் டிரக் ஸ்டாப்பில் காத்துக் கிடக்க வேண்டியிருக்கிறது, நிறுவனத்தின் பணிமனையில் வண்டியை விட்டால் எப்போது திரும்ப வருகிறது என்பதெல்லாம் ஆள்சேர்ப்பவர் சொல்லித் தெரியவராது. அங்கே ஏற்கெனவே லீஸில் ஓட்டுபவர்களிடம் பேச்சுக் கொடுத்து, அவர்களுடைய வாரக் கணக்குச் சீட்டுகளைப் பார்க்கக் கேளுங்கள். ‘நல்ல வாரம்’ ஒன்றின் சீட்டை யாரும் காட்டுவார்கள், தொடர்ச்சியாக எட்டு, பத்து வாரச் சீட்டுகளைக் காட்டுபவரின் பேச்சுக்கே மதிப்பு. கூடவே இரண்டு மாதத் தவணைக்கும் ஒரு பெரிய பழுதுக்கும் போதுமான தொகையைத் தனியே சேர்த்து வையுங்கள். முன்பணம் கேட்காத திட்டம் என்பதால் கையில் பணமே இல்லாமல் நுழைவதுதான் இதில் பலரைக் கவிழ்க்கிறது.

அடுத்து ஒப்பந்தம். பெரும்பாலும் ஒன்றல்ல, இரண்டு ஒப்பந்தங்கள் இருக்கும். வண்டியை உங்களுக்கு வாடகைக்கு விடுவது ஒன்று, இதை நிறுவனத்தின் துணை நிறுவனம் ஒன்று எழுதிக்கொடுப்பதுண்டு. ஓட்டுநரோடு அந்த வண்டியைச் சரக்கு நிறுவனத்தின் கீழ் ஓடவிடுவது மற்றொன்று. ஒன்று முறிந்தால் மற்றதும் முறியும் என்றும், முறிந்தால் எஞ்சிய தவணைகள் அனைத்தும் உடனே செலுத்த வேண்டியவை ஆகும் என்றும் ஒரு ஷரத்து உள்ளே இருக்கக்கூடும். லோடு ஒதுக்கும் டிஸ்பாட்சரோடு மனத்தாங்கல் ஏற்பட்டு நிறுவனம் உங்களை விலக்கினால், வண்டியும் போய்க் கடனும் தலையில் நிற்கும் நிலை இதனால்தான் வருகிறது. நம் ஊரில் ஃபைனான்ஸில் எடுத்த லாரிக்கு ஆர்.சி. புத்தகம் வாங்கியவர் பெயரிலேயே இருக்கும், கடன் பற்றிய குறிப்பு மட்டும் அதில் ஏறும். இங்கேயோ கடைசித் தவணை வரை டைட்டில் எனும் உரிமைப் பத்திரம் நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கும். ஆகவே கடைசியில் எவ்வளவு கட்டினால் டைட்டில் உங்கள் பெயருக்கு மாறும் என்ற தொகை எண்ணாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ‘அன்றைய சந்தை விலை’ என்றிருந்தால் அது வாங்கும் ஒப்பந்தமாகாது, வாடகை ஒப்பந்தம்தான். எல்லா வாரத் தவணைகளையும் இறுதித் தொகையையும் கூட்டி, அதே ஆண்டு, அதே மைல் ஓடிய வண்டி வெளிச்சந்தையில் என்ன விலைக்குப் போகிறது என்பதோடு ஒப்பிட்டால், இலவசம் என்று சொல்லப்பட்ட முன்பணத்தின் உண்மை விலை தெரிந்துவிடும்.

உங்கள் பக்கம் நிற்கும் சட்டம் ஒன்று உண்டு. ‘ட்ரூத் இன் லீசிங்’ எனப்படும் கூட்டாட்சி விதிகள், அதாவது கூட்டாட்சி விதித்தொகுப்பின் (சி.எஃப்.ஆர்.) 49-ஆம் தலைப்பு, பகுதி 376, வண்டியைத் தன் கீழ் ஓடவிடும் நிறுவனம் ஒப்பந்தத்தில் என்னென்ன எழுத வேண்டும் என்று வரையறுக்கின்றன. பயணத்தின் ஆவணங்களை ஒப்படைத்த 15 நாள்களுக்குள் கூலியைத் தர வேண்டும். கூலி விழுக்காட்டுக் கணக்கில் என்றால், வாடிக்கையாளருக்கு அனுப்பிய சரக்குக் கட்டணச் சீட்டின் நகலைக் கணக்குத் தீர்க்கும்போதோ அதற்கு முன்போ உங்களுக்குத் தர வேண்டும். எந்தெந்தத் தொகையைப் பிடிப்பார்கள், எப்படிக் கணக்கிடுவார்கள் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். டயரோ டீசலோ காப்பீடோ எங்களிடம்தான் வாங்க வேண்டும் என்று நிபந்தனை போடக் கூடாது. எஸ்க்ரோ என்ற பெயரில் பிடித்து வைக்கும் பணத்துக்குக் கணக்குக் காட்டி, குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி தந்து, ஒப்பந்தம் முடிந்த 45 நாள்களுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். இவற்றை நினைவில் வைத்து ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள், ஒன்று விடுபட்டிருந்தாலும் ஏன் என்று கேளுங்கள். வழக்குக்குப் போகாமல் நடுவர் தீர்ப்புக்கே போக வேண்டும் என்ற ஷரத்தும் பொதுவாக இருக்கும். இத்தகைய ஓட்டுநர்கள் ‘ஒப்பந்ததாரர்’ என்று அழைக்கப்பட்டாலும் போக்குவரத்துத் தொழிலாளர்களை நடுவரிடம் போகக் கட்டாயப்படுத்தாத கூட்டாட்சி நடுவர் சட்ட விதிவிலக்கு அவர்களுக்கும் பொருந்தும் என்று நியூ பிரைம் எதிர் ஒலிவெய்ரா வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் மாநிலச் சட்டங்கள் வேறாகப் பேசக்கூடும் என்பதால், ஒருமுறை வழக்கறிஞரிடம் காட்டிப் படித்துக்கொள்வது வீண் செலவாகாது. ‘ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். அதற்குச் சம்மதிக்காத நிறுவனத்தில் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

இனிக் கணக்கு. கீழே உள்ள எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை, உங்கள் ஒப்பந்தத்தின் எண்களை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். கூலி மைலுக்கு 1.30 டாலர், டீசல் விலைக்கு ஈடாகக் கூடுதலாகத் தரும் சர்சார்ஜ் மைலுக்கு 35 சென்ட் என்று வைப்போம். கூலி கிடைக்கும் மைல் 2,500 என்றால், காலியாக ஓடியதும் சுற்றிப் போனதும் சேர்த்து வண்டி 2,730 மைல் ஓடியிருக்கும். வரவு 4,125 டாலர். கேலனுக்கு 7 மைல், விலை 3.70 டாலர் என்றால் டீசலுக்கு 1,443 போகிறது. வாரத் தவணை 850, ஓடிய மைலுக்கு 10 சென்ட் வீதம் பராமரிப்பு நிதி 273, வண்டிக் காப்பீடும் விபத்துக் காப்பீடும் 140, நம்பர் பிளேட், பர்மிட், ஓட்டு நேரம் பதியும் மின்னணுக் கருவி 45, எஸ்க்ரோ 50. ஆகச் செலவு 2,801, கைக்கு வருவது 1,324 டாலர், அதுவும் வரி கட்டுவதற்கு முன். மந்தமான வாரத்தில் கூலி மைல் 1,500 ஆனால் அதே கணக்கில் மிஞ்சுவது 360. வண்டி பணிமனையில் நின்றாலோ, நீங்கள் வீட்டுக்குப் போயிருந்தாலோ, வரவு ஏதுமின்றித் தவணையும் நிலைச் செலவுகளும் சேர்ந்து 1,085 டாலர் உங்கள் பெயரில் கடனாக ஏறும், அடுத்த வாரச் சீட்டு அதைக் கழித்துக்கொண்டுதான் தொடங்கும்.

இதே 2,500 மைலைச் சம்பள ஓட்டுநராக மைலுக்கு 55 சென்டுக்கு ஓட்டினால் 1,375 டாலர் கிடைக்கும், டீசலும் பழுதும் உங்கள் கவலை அல்ல, சமூகப் பாதுகாப்பு வரியில் பாதியை நிறுவனம் கட்டும். மேற்கண்ட லீஸில் அதே மைலுக்கான சம்பளத்தை எட்டிப் பிடிப்பதற்கே வாரம் 2,600 மைலுக்கு மேல் தவறாமல் வேண்டும். ஒரு நாளில் 11 மணி நேர ஓட்டம், 8 நாளில் 70 மணி நேரப் பணி என்ற வரம்புக்குள் அது இயலாத காரியம் அன்று, ஆனால் லோடு ஏற்றும் கிடங்கில் ஐந்து மணி நேரம் காக்க வைத்தாலே கணக்கு குலையும். ஆள்சேர்ப்பவர் சொல்லும் சராசரி மைலை விட்டுவிட்டு, நீங்கள் சம்பள ஓட்டுநராக இருந்தபோது கண்ட மிக மோசமான மாதத்தின் மைலை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். அதிலும் குடும்பம் நடத்த முடியும் என்றால் மேலே போகலாம்.

வண்டியைத் தேர்ந்தெடுப்பதில் கண்டிப்பாக இருங்கள். புதிதாக வந்த ஒப்பந்ததாரரிடம் தள்ளிவிடப்படும் வண்டி, வேறொருவர் கட்ட முடியாமல் திருப்பிவிட்டதாகவே இருக்கக்கூடும். இந்த வண்டியை எனக்கு முன் எத்தனை பேர் எடுத்தார்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். பழுதுபார்த்த பதிவேடு முழுவதையும் வாங்கிப் பாருங்கள், குறிப்பாகப் புகைவடிகட்டியான டி.பி.எஃப். கடைசியாக எப்போது கழற்றிச் சுத்தம் செய்யப்பட்டது, நின்ற இடத்திலேயே வடிகட்டியின் கரியை எரித்து நீக்கும் ரீஜென் செய்ய வேண்டி எத்தனை முறை வந்தது என்பவற்றை. இன்றைய டிரக்குகளைச் சாலையோரம் நிறுத்தி வைப்பது பெரும்பாலும் எஞ்சின் அல்ல, இந்தப் புகைக்கட்டுப்பாட்டுக் கருவிகளே. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். சூடானதும் எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி, துளையின் மேல் தலைகீழாக வைத்துப் பாருங்கள். மூடி குதித்துக் கீழே விழுந்தால் பிஸ்டனைத் தாண்டிக் காற்று கசிகிறது, அந்த வண்டி வேண்டாம். எண்ணெய் மாதிரியைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பினால், எண்ணெயில் கூலன்ட் கலந்திருக்கிறதா, டீசல் கலந்திருக்கிறதா என்பது சில பத்து டாலரில் தெரிந்துவிடும். எஞ்சின் கணினியிலிருந்து மொத்த மணி நேரத்தையும் ஐடில் மணி நேரத்தையும் எடுத்துப் பார்ப்பதும் அவசியம், ஏனெனில் நின்றபடியே ஓடிய எஞ்சினின் தேய்மானத்தை ஓடோமீட்டர் காட்டாது. நிறுவனத்தைச் சேராத மெக்கானிக் ஒருவரைக் கொண்டு பார்க்க மறுத்தால் வேறு வண்டி கேளுங்கள்.

வண்டி எடுத்த பிறகு நீங்கள் ஒரு சிறு நிறுவனம். ஆண்டு இறுதியில் வருவது நிறுவனம் உங்களுக்குக் கொடுத்த தொகையைக் காட்டும் 1099 படிவம், யாரும் வரி பிடித்து வைத்திருக்க மாட்டார்கள். வருமான வரியோடு 15.3 விழுக்காடு சுயதொழில் வரியும் உண்டு, அதை ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி மாதங்களின் நடுவில் முன்கூட்டியே கட்டி வர வேண்டும். ஒவ்வொரு வாரக் கணக்குத் தீர்விலும் (செட்டில்மென்ட்) ஒரு பங்கைத் தொடாத கணக்கில் போட்டுவிடுவது நல்லது. வீட்டை விட்டு வெளியே தங்கும் நாளுக்கு உணவுச் செலவாக 2024 அக்டோபர் முதல் 80 டாலர் வரை கணக்கிட்டு, அதில் 80 விழுக்காட்டைக் கழிக்கலாம். வாரத் தவணையை வாடகையாகக் கழிப்பதா, வண்டியைச் சொத்தாகக் காட்டித் தேய்மானம் கழிப்பதா என்பது ஒப்பந்தம் எழுதப்பட்ட விதத்தைப் பொறுத்தது, டிரக் தொழில் தெரிந்த கணக்காளரிடம் முதல் மாதமே கேட்டுவிடுங்கள். கனரக வாகனங்களுக்கான ஆண்டு வரியை (75,000 பவுண்டுக்கு மேற்பட்ட வண்டிக்கு 550 டாலர்) யார் கட்டுவது என்பதும் ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்க வேண்டும். செட்டில்மென்ட் சீட்டு வந்த அன்றே லோடு ரசீதுகளோடு ஒப்பிட்டு, புரியாத பிடித்தம் எதுவானாலும் வாயால் கேட்காமல் மின்னஞ்சலில் கேளுங்கள்.

விலக நேர்ந்தால் விலகுவதிலும் ஒழுங்கு வேண்டும். கோபத்தில் டிரக் ஸ்டாப்பில் வண்டியைப் போட்டுவிட்டு வந்தால், ‘வண்டியைக் கைவிட்டவர்’ என்று உங்கள் வேலைப் பதிவில் ஏறி, அடுத்த நிறுவனம் கதவைத் திறக்காது. ஒப்பந்தம் சொல்லும் கால அளவுக்கு முன் எழுத்தில் அறிவிப்புக் கொடுங்கள். அவர்கள் குறிப்பிடும் டெர்மினலிலேயே வண்டியை விடுங்கள். உள்ளும் புறமும், ஒவ்வொரு டயரும், ஓடோமீட்டரும் தெரியும்படி படமெடுத்து, ஒப்படைத்ததற்குத் தேதியிட்ட ரசீது வாங்குங்கள். 45 நாள் கடந்தும் எஸ்க்ரோ பணமும் இறுதிக் கணக்கும் வரவில்லை என்றால், பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதிக் கேட்டுவிட்டு, கூட்டாட்சி மோட்டார் கேரியர் பாதுகாப்பு நிர்வாகத்தின் தேசிய நுகர்வோர் புகார்த் தளத்தில் அந்தக் கடிதத்தையும் செட்டில்மென்ட் சீட்டுகளையும் இணைத்துப் புகாரைப் பதியலாம். அந்த நிர்வாகம் உங்களுக்காகப் பணத்தை வசூலித்துத் தருவதில்லை, அதற்குத் தனியே வழக்குத் தொடுக்க வேண்டும், மேற்சொன்ன விதிகள் மீறப்பட்டால் ஓட்டுநரே வழக்குத் தொடுக்கச் சட்டம் இடமளிக்கிறது.