சதவீதத்தை நம்பாமல் வண்டிகளின் ரேடியோவை அளப்பது எப்படி

ஜெர்மனியின் ஆட்டோபான் எனும் அதிவேகச் சாலைகளில் இப்போது பல கார்கள் தங்கள் இடம், வேகம், திசையைச் சுற்றியுள்ள வண்டிகளுக்கு ரேடியோச் செய்திகளாக அறிவித்துக்கொண்டே ஓடுகின்றன. 2019 கடைசியில் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் 8 அதில் முக்கியமானது. "செய்திகளில் 97 சதவீதம் போய்ச் சேருகிறது" என்று யாராவது அறிக்கை கொடுத்தால் நான் கேட்பது ஒன்றுதான்: சேராத மூன்றும் எங்கே விழுந்தன? அங்குமிங்குமாக விழுந்திருந்தால் கவலையில்லை. அடுத்தடுத்து விழுந்திருந்தால், 130 கி.மீ. வேகத்தில் ஒரு நொடி மௌனத்துக்குள் கார் 36 மீட்டர் போய்விடும். அந்த மௌனத்தைப் பிடிக்கும் வழிதான் இது.

இரண்டு கார், இந்தச் செய்திகளை அனுப்பிப் பெறும் இரண்டு 5.9 கிகாஹெர்ட்ஸ் ரேடியோப் பெட்டி, ஜிபிஎஸ், சாலையைப் படமெடுக்க வீடியோ கேமரா, ஒவ்வொரு காரிலும் ஓட்டுநரைத் தவிர மடிக்கணினியோடு இன்னொருவர். ஆன்டெனா உலோகக் கூரையின் நடுவில் இருக்கட்டும். கண்ணாடிக் கூரைக் கார் வேண்டாம். ஒல்லியான கேபிளை ஐந்து மீட்டர் இழுத்தால் சிக்னலில் பாதிக்கு மேல் கேபிளே தின்றுவிடும். இரு பெட்டிகளின் கடிகாரமும் ஜிபிஎஸ் நேரத்தில் ஓட வேண்டும்.

அனுப்பும் பக்கத்தைப் பதிவு செய்யாமல் கிளம்பாதீர்கள். பலர் நொடிக்குப் பத்துச் செய்தி என்று வைத்துக்கொண்டு வகுத்துவிடுகிறார்கள். ஐரோப்பிய விதி அப்படியில்லை. கார் 4 மீட்டருக்கு மேல் நகர்ந்தாலோ, வேகம் நொடிக்கு அரை மீட்டருக்கு மேல் மாறினாலோ, திசை 4 டிகிரிக்கு மேல் திரும்பினாலோதான் புதுச் செய்தி. எதுவும் மாறாவிட்டால் நொடிக்கு ஒன்று. நெரிசலில் நிற்கும் கார் ஒன்றுதான் அனுப்பும், உங்கள் கணக்கோ ஒன்பது தொலைந்ததாகக் காட்டும்! செய்தியில் வரிசை எண்ணும் கிடையாது. இருப்பது மில்லிநொடியில் எண்ணும் ஒரு நேர முத்திரை, அதுவும் 65.5 நொடிக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். ஆகவே இரண்டு பதிவையும் முத்திரையோடு ஜிபிஎஸ் நேரத்தையும் வைத்துத்தான் பொருத்த வேண்டும். வழியில் கேட்கும் அந்நியக் கார்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்தரங்கம் காக்க அவை அடையாள எண்ணை மாற்றிக்கொண்டே இருக்கும்.

முதலில் வெறும் சாலையில், நடுவில் வண்டி எதுவும் இல்லாமல் ஓட்டுங்கள். இரு ஆன்டெனாவும் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால், 90 மீட்டர் இடைவெளியை ஒட்டி சிக்னல் பலம் சரியும். நேரே வரும் அலையும் தார்ச்சாலையில் பட்டு வரும் அலையும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் வரும் பள்ளம் அது. பெட்டியைத் திட்டாதீர்கள்.

பிறகு லாரி. இதற்குத்தான் பாதி நாளை ஒதுக்குவேன். ஒரு கார் லாரிக்கு முன்னால், இன்னொன்று பின்னால், மூன்றும் வலது தடத்தில் 80 கி.மீ. வேகத்தில். பின்னால் வருபவர் வேகத்தில் பாதியை மீட்டராக, அதாவது 40 மீட்டராவது விடட்டும். நான்கு மீட்டர் உயரப் பெட்டி லாரியையும் வெறும் தட்டு லாரியையும் தனித்தனியாகக் குறியுங்கள், இரண்டும் ஒரே மாதிரி மறைப்பதில்லை. சாலை வளைவில் லாரி விலகி நேர்ப்பார்வை கிடைக்கும் இடங்களையும் குறியுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ரேடியோ பெற்றதையும் மென்பொருள் ஏற்றுக்கொண்டதையும் இரண்டு கணக்காகப் பிரியுங்கள். ஒவ்வொரு செய்தியிலும் அது போலியில்லை என்று காட்டும் மின்னணுக் கையெழுத்து உண்டு. அதைச் சரிபார்க்கும் முழுச் சான்றிதழோ சாதாரணமாக நொடிக்கு ஒருமுறைதான் கூட வரும். புதிதாகச் சந்திக்கும் காரின் சான்றிதழ் விழுந்துபோனால், நன்றாகக் கேட்ட செய்திகளும் சரிபார்க்க வழியில்லாமல் கிடக்கும். அதை ஆன்டெனாவின் தலையில் கட்டக் கூடாது.

கடைசியாக, அடுத்தடுத்து வந்து சேர்ந்த இரண்டு செய்திகளுக்கு நடுவே உள்ள நேரத்தை எடுத்து, அதே நேரத்தில் அனுப்பியவர் விட்ட இடைவெளியைப் பக்கத்தில் வையுங்கள். சராசரி போட வேண்டாம். மிக நீண்ட மௌனத்திலிருந்து கீழ்நோக்கி அடுக்கி, முதல் இருபதையும் வீடியோவில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். லாரியே தெரியாத இடத்தில் மௌனம் வந்திருந்தால் அந்த நேரத்து அலைவரிசை நெரிசல் அளவை, அதாவது அலைவரிசை எவ்வளவு நேரம் பேச்சால் நிரம்பியிருந்தது என்பதைத் திறந்து பாருங்கள்: ஒருவரையொருவர் கேட்க முடியாத இரண்டு கார்கள் ஒரே சமயத்தில் பேசியிருக்கலாம். இந்த ரேடியோவில் 'கிடைத்தது' என்று பதில் சொல்லும் ஒப்புகையும் இல்லை, மறு அனுப்பலும் இல்லை.